ஏதென்ஸில் யாரால் ஓட முடிந்தது? கேள்வி பதில்

கேள்வி: மக்களாட்சி நடந்த பண்டைய ஏதென்ஸில் விளையாட்டும் எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருந்திருக்கும், ஐயா?

பதில்: சட்டப்படி பொதுதான். சுதந்திரக் கிரேக்க ஆண் எவரும் ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவில் இறங்கலாம். ஆனால் பயிற்சியாளருக்குக் கூலி கொடுக்க வேண்டும், வழிச்செலவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பகல்பொழுது கையில் இருக்க வேண்டும். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில், நீதிமன்றத்தில் ஜூரராக அமர்ந்த ஏழைக்கு அரசு நாளொன்றுக்கு 3 ஓபல் என்ற சிறு வெள்ளிக்காசு கொடுத்தது. மற்போர் பழக விரும்பிய அவர் மகனுக்கு யார் கொடுத்தார்கள்? அவன் அப்பாவோடு வயலுக்குப் போனான்.

கேள்வி: தேர்ப்பந்தயத்தில் வென்ற தேரோட்டிக்கு என்ன பரிசு?

பதில்: ஒலிவ இலைமுடி குதிரைகளின் உரிமையாளருக்கே போனது. உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவர் பெரும்பாலும் கூலியாளோ அடிமையோதான். கி.மு. 416இல் ஏதென்ஸ் அரசியல்வாதி அல்சிபியாடீஸ் ஏழு தேர்களை இறக்கி முதல், இரண்டாம், நான்காம் இடங்களைப் பிடித்தார். மறு ஆண்டே மக்கள் மன்றத்தில் அந்த வெற்றியைச் சொல்லிக்காட்டித்தான் சிசிலிப் படையெடுப்புத் தலைமைக்குத் தனக்குத் தகுதி உண்டு என்று வாதாடினார். களத்தில் பெண்கள் போட்டியிட முடியாத அதே ஒலிம்பியாவில் ஸ்பார்டா இளவரசி கினிஸ்கா கி.மு. 396, 392 என இருமுறை வென்றதும் இந்த விதியால்தான்.

கேள்வி: அடிமைகள் பயிற்சிக்கூடத்துக்குள் போகலாமா?

பதில்: கூடாது. எண்ணெய் பூசிப் பயிற்சி செய்ய அவர்களுக்குத் தடை. ஏதென்ஸின் பழைய சட்டமியற்றுநர் சோலோன் இயற்றியதாகச் சொல்லப்படும் சட்டம் அது.

கேள்வி: தங்களால் எட்ட முடியாத விளையாட்டில் வென்றவருக்கு ஏழைகள் ஏன் ஆயுள் முழுவதும் அரசுச் செலவில் விருந்து வைத்தார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நகரின் பெயர் உயர்ந்தது என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான ஒன்று உண்டு என்று நம்புகிறேன். ஒரு போர்க்கப்பலில் 170 பேர் துடுப்பு வலித்தார்கள். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்றவர்களில் பெரும்பகுதியினர் இந்த ஏழைகளே. வியர்வையும் ஆபத்தும் என்னவென்று உடம்பால் அறிந்தவர்கள் மற்போர் வீரனைப் பார்த்தபோது வேற்றாளாகப் பார்க்கவில்லை. எல்லோரும் இதை ஏற்கவில்லை. சாக்ரடீஸ் தன் வழக்கில், பந்தயக் குதிரைக்காரனுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, எனக்கே அந்த விருந்து தகும் என்றார்.

கேள்வி: சாமானியர் கலந்துகொள்ள வழியே இல்லையா?

பதில்: இருந்தது. ஏதென்ஸ் குடிமக்களின் பத்துக் குலங்களும் அணி திரட்டிய தீப்பந்தத் தொடரோட்டம். பயிற்சிச் செலவைக் குலத்தின் செல்வர் ஒருவர் ஏற்க வேண்டும், அது அவர் கடமை. ஏழைகள் பாடவும் ஓடவும் ஆடவும் காசு வாங்குகிறார்கள், பணக்காரர் இளைக்கிறார்கள் என்று அக்காலத்தில் பெயர் தெரியாத ஒருவர் பொருமி எழுதியிருக்கிறார். எனக்கு அது நற்சான்றாகவே படுகிறது. ஓட்டம் குயவர் குடியிருப்பான கெராமெய்கோஸ் வழியாகச் சென்றது. பின்தங்கி மூச்சிரைக்க வந்தவனை அந்தத் தெருக்காரர்கள் வாயிலில் நின்று கையால் அறைந்து விரட்டியதை நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோபனீஸ் தன் நாடகத்தில் சொல்கிறார்.