மன்னார் ஆயர் கேட்ட கணக்கு

அன்புள்ள ஐயா,

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகையைப் பற்றி மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தீர்கள். நானும் கத்தோலிக்கன்தான். ஓர் ஆயர் பூசை வைத்து மக்களுக்கு ஆறுதல் சொன்னால் போதாதா? இலங்கை உள்நாட்டுப் போரில் 1,46,679 பேர் கொல்லப்பட்டதாக அவர் சொன்னது மிகை என்கிறார்கள். புலி ஆதரவாளர் என்றும் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த எண். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. போருக்குப் பிறகு இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 ஜனவரியில் மன்னாருக்கு வந்தபோது, அவரும் இரண்டு குருக்களும் எழுத்தில் ஒரு சமர்ப்பணம் கொடுத்தார்கள். கச்சேரி, அதாவது அரசின் மாவட்டச் செயலகப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில், கடைசிப் போர் நடந்த வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். ஐ.நா. கணக்கின்படி 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். கழித்துப் பாருங்கள். மீதி வரும் அந்த 1,46,679 பேருக்கு என்ன ஆனது என்றுதான் அவர் கேட்டார். பதிவில் பிழை இருக்கலாம், சிலர் வேறு வழியில் தப்பியிருக்கலாம். அதைக் காட்ட வேண்டியவர்கள் பதிவேடுகளைக் கையில் வைத்திருப்பவர்கள். ஆனால் 2012இல் குற்றப் புலனாய்வுத் துறை ஆயரைத்தான் விசாரித்தது.

எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். 2009 தொடக்கத்தில் வன்னியில் மிஞ்சியிருப்பவர்கள் அதிகம் போனால் ஒரு லட்சம் பேர் என்றது அரசாங்கம். உள்ளே போகும் அரிசியும் மருந்தும் அந்தக் கணக்கில்தான் போயின. அப்புறம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆளைக் குறைத்து எண்ணினால் சோறும் குறையும், சாவும் கணக்கில் வராமல் போகும். ஞானஸ்நானப் பதிவேடும் மரணப் பதிவேடும் வைத்திருக்கும் திருச்சபையின் ஆயர் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

அவர் 1940இல் நெடுந்தீவில் பிறந்தவர். 1967இல் குருவானார். 1992இல் மன்னார் மறைமாவட்டத்தின் இரண்டாவது ஆயரானார். ஆயர் இல்லம் இருந்தது இராணுவத்தின் கையில் இருந்த மன்னார் தீவில். மறைமாவட்டத்தின் இதயமான மடு மாதா திருத்தலமோ நெடுங்காலம் புலிகளின் பகுதியில். தன் மக்களைப் பார்க்கவே அவர் சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. மடு அகதிகள் தங்கிய இடமும்கூட. 1999 நவம்பரில் அங்கே எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. மடுவைப் போரற்ற பகுதியாக விடுங்கள் என்று இரு தரப்பிடமும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் விடவில்லை. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மாதா சொரூபத்தையே குருக்கள் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

புலி ஆதரவாளர் என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்து அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம் என்று வருந்துகிறவர்களை நான் தள்ளிவிட மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அப்படிக் கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கைக் கேட்டதற்காகவே அவரைப் புலி என்பது அநியாயம். இரண்டு எண்ணில் ஒன்றுகூடப் புலிகள் கொடுத்ததில்லை.

உடல்நலம் கெட்டு 2016இல் ஓய்வு பெற்றார். 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று காலமானார். அந்தச் சமர்ப்பணத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். கைதிகள், காணிகள், காணாமற்போனவர்கள் என்று அதில் இன்னும் நிறைய இருக்கிறது. வாசித்த பிறகும் அது ஆயரின் வேலையில்லை என்று தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.