ஏற்காடு ஏறும்போது கார் கதவில் செடி உரசின வெள்ளைக் கோடு: பெயிண்ட் அடிக்கணுமா?

முழுக் கதவுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கினப்போ உண்ணிச்செடி உரசினதுன்னு சொல்றீங்க. அதில் பெரும்பாலும் கலருக்கு மேலே இருக்கிற கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு மட்டும்தான் கீறும்.

கோட்டு மேல தண்ணி தெளிச்சுப் பாருங்க. ஈரத்தில் மறைஞ்சா கீறல் மேல்பூச்சோட நின்னுடுச்சுன்னு அர்த்தம். நகத்தைக் குறுக்கே இழுங்க. நகம் மாட்டலைன்னா ரப்பிங் காம்பவுண்டே (கீறலைத் தேய்ச்சு எடுக்கிற பசை) போதும்.

ஷாம்பூ போட்டு மண் போகக் கழுவி, நிழலில் நிறுத்தித் தகடு ஆறட்டும். மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு காம்பவுண்ட் எடுத்து, ஒரு சாண் இடம் மட்டும் தேய்ச்சு, துடைச்சுப் பார்த்துட்டு அடுத்த இடம் போங்க. கடைசியா வாக்ஸ். சேலம் மத்தியான வெயிலில் செய்யாதீங்க, காம்பவுண்ட் காய்ஞ்சு திட்டுத் திட்டா மங்கிடும். கதவு மடிப்பு விளிம்பில் பூச்சு மெலிசு. மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. டூத்பேஸ்ட் தேய்க்கிற யோசனை வேண்டாம், நேரம்தான் வீண்.

நகம் சிக்கி, உள்ளே சாம்பல் பிரைமரோ (அடிப்பூச்சு) தகடோ தெரிஞ்சா தேய்க்கவே கூடாது. காரோட கலர் குறியீட்டு எண் பார்த்து டச்-அப் பெயிண்ட் வாங்கி, பல்குச்சி நுனியால் மெலிசா ரெண்டு மூணு தடவை, காயவிட்டுக் காயவிட்டு வையுங்க. மெட்டாலிக் கலர்னா கிட்டப் பார்த்தா கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.