நான் எழுந்து போனதும் என் கம்ப்யூட்டரில் உட்காரும் சக ஊழியர்கள்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நான் சாப்பிடப் போகும்போதும் மீட்டிங்கில் இருக்கும்போதும் சக ஊழியர்கள் இருவர் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுகிறார்கள். முன்பு விடுப்பில் இருந்தபோது, அவசரம் என்று கேட்டதால் பாஸ்வேர்டைச் சொன்னேன். அதிலிருந்துதான் இது தொடர்கிறது. போன வாரம் நான் அனுப்பாத ஒரு மெயில் என் பெயரில் வாடிக்கையாளருக்குப் போயிருக்கிறது. மேலாளர் என்னிடம் விளக்கம் கேட்கிறார். போலீஸில் புகார் கொடுக்கலாமா? அவர்களுக்குத் தெரியாமல் கண்காணிக்கும் மென்பொருள் போட்டு வைக்கலாமா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரத்தில் அதைத்தான் செய்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டர் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதில் ரகசியமாக மென்பொருள் போட்டால், அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரைக் கையாண்டவர் என்ற பழி உங்கள் மேல் திரும்பும். ரகசியக் கேமராவும் வேண்டாம்.

இயந்திரம் உங்களுடையது இல்லை, சரி. ஆனால் லாகின் உங்களுடையது. அதில் நடக்கும் ஒவ்வொன்றும் உங்கள் பெயரில் பதிவாகிறது. அதனால்தான் மேலாளர் உங்களிடம் வந்து நிற்கிறார். 'ஒரு நிமிஷம் பிரிண்ட் எடுத்துக்கறேன்' என்பதைக்கூட நீங்கள் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அழியுங்கள், மெயிலில் மற்ற சாதனங்களில் திறந்திருக்கும் லாகின்களை வெளியேற்றுங்கள். எழுந்திருக்கும்போதெல்லாம் திரையைப் பூட்டுங்கள்: விண்டோஸில் விண்டோஸ் விசையும் 'எல்' விசையும், மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், 'க்யூ'. மறந்துபோனாலும் சில நிமிடங்களில் தானே பூட்டிக்கொள்ளும்படி அமைத்து வையுங்கள். சக ஊழியர்களுக்கு உண்மையிலேயே அந்தக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டால், அவர்கள் பெயரில் தனி லாகின் போட்டுத் தரும்படி ஐ.டி. பிரிவைக் கேட்கலாம்.

இனி சட்டம். நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. இந்தியா என்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000. அதன் 43-வது பிரிவு, கம்ப்யூட்டரின் உரிமையாளர் 'அல்லது அதற்குப் பொறுப்பானவர்' அனுமதிக்காமல் அதில் நுழைவதையும், தகவலை எடுப்பதையும் பற்றியது. இழப்பீடு கேட்க வழி செய்கிறது. 'பொறுப்பானவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது என்று காட்ட முடிந்தால், உரிமையாளர் இல்லை என்பதற்காக உங்கள் வாதம் விழுந்துவிடாது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்துடன் செய்தால் 66-வது பிரிவு வருகிறது: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே எண்ணத்துடன் இன்னொருவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்துவதற்கு 66சி தனியாக இருக்கிறது. இலங்கையில் 2007-ன் கணினிக் குற்றச் சட்டம், மலேசியாவில் 1997-ன் சட்டம், சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் துஷ்பிரயோகச் சட்டம் என்று மற்ற இடங்களிலும் இருக்கின்றன. எல்லாமே 'அனுமதி இருந்ததா' என்ற கேள்வியைச் சுற்றித்தான் நிற்கின்றன.

உங்கள் வழக்கு பலவீனமாகும் இடமும் அதுதான். 'அவரே பாஸ்வேர்டு கொடுத்தார்' என்பார்கள். அன்றைய அவசர வேலைக்குக் கொடுத்த அனுமதி என்றைக்குமான அனுமதி ஆகாது என்று நான் வாதாடுவேன். ஆனால் அதை நிரூபிக்க எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே அந்த இருவருக்கும் ஒரு சின்ன மெயில் அனுப்புங்கள்: 'அன்று அவசரத்துக்காகத் தந்த அனுமதி அன்றோடு முடிந்தது, இனி என் லாகினைப் பயன்படுத்த வேண்டாம்.' கோபம் வேண்டாம், தேதி இருந்தால் போதும்.

அப்புறம் மேலாளருக்கும் ஹெச்.ஆருக்கும் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். பாஸ்வேர்டைப் பகிர்ந்தது நிறுவன விதிக்கு எதிராக இருக்கலாம். அதை மறைக்காமல் நீங்களே முதல் வரியில் சொல்லிவிடுங்கள். மற்றவர் வாயிலிருந்து வந்தால் புகார் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அந்த மெயில் போன நாள், நேரம், அப்போது நீங்கள் இருந்த இடம், கூட இருந்தவர் யார் என்பதை எழுதுங்கள். கம்ப்யூட்டரின் லாகின் பதிவுகளையும் மெயில் சர்வர் பதிவுகளையும் அழியாமல் பாதுகாக்கும்படி ஐ.டி. பிரிவைக் கேளுங்கள். பழைய பதிவுகள் தானாகவே மேலெழுதப்பட்டுப் போகக்கூடும், இந்த வேண்டுகோளைத் தள்ளிப்போடாதீர்கள்.

போலீஸ்? யார் அனுப்பினார் என்பது இன்னும் தெரியவில்லை. பெயர் சொல்லிப் புகார் கொடுத்து அது தவறாகப் போனால் உங்களுக்குத்தான் சிக்கல். பணம் மாறியிருந்தால், கணக்கில் திருத்தம் நடந்திருந்தால், ரகசியத் தகவல் வெளியே போயிருந்தால் காத்திருக்காதீர்கள். நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு உடனே சைபர் குற்றப் பிரிவுக்குப் போங்கள். வெறும் மெயில் மட்டும்தான் என்றால் உள்விசாரணை முதலில் நடக்கட்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்புங்கள். அப்போதும் வராவிட்டால் ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் போடலாம். நீங்கள் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் என்று நினைத்து நிறுவனத்தின் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள், அது உங்கள் மேலேயே தனிப் புகாராக மாறும்.