பூவிலேயே விலைபேசிய ஒயின்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கிலாந்தில், லூட்டனில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. ஒயின் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது, விருந்துகளில் கொடுப்பதைக் குடிப்பதோடு சரி. 2024 அக்டோபரில் எங்களுக்கு மகள் பிறந்தாள். அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்கார நண்பர், அவள் பிறந்த வருடத்து, பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயினை இப்போதே ஒரு பெட்டி வாங்கிப் போடச் சொல்கிறார். 21 வயதில் திறக்கலாமாம், அதற்குள் விலையும் ஏறிவிடுமாம். ஒரு வியாபாரியின் பட்டியலையும் அனுப்பினார். அதில் பணம் இப்போது, பாட்டில் 2027-ல் என்று போட்டிருக்கிறது. கண்ணில் பார்க்காத பொருளுக்கு எதற்கு முன்பணம்? இது முதலீடா, சீட்டுக் கம்பெனி மாதிரி ஏதாவதா? வாங்கினால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைக்கலாமா? எங்களுக்குத் திருமணம் ஆன 2019-ம் வருட ஒயினும் அதே பட்டியலில் இருக்கிறது, அதற்கு முன்பணம் எல்லாம் இல்லை. குழப்பமாக இருக்கிறது.

அன்புடன்,
த.

அன்புள்ள த.,

மகளுக்கு என் வாழ்த்துகள். போர்தோவில் திராட்சை பறித்துக்கொண்டிருந்த நாட்களில் பிறந்திருக்கிறாள்.

சீட்டுக் கம்பெனி இல்லை. ஊரில் மாந்தோப்பைப் பூவிலேயே விலைபேசி முடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். காய் பிடிக்குமா, காற்றில் கொட்டுமா என்று யாருக்கும் தெரியாது. தோப்புக்காரருக்கு அன்றைக்குக் கையில் காசு, ஆபத்து வாங்கியவர் தலையில். அதனால்தான் பூவில் பேசும் விலை பழத்தின் விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். போர்தோவில் இதற்கு 'ஆன் ப்ரிமர்' என்று பெயர். செப்டம்பர், அக்டோபரில் பறித்த திராட்சையின் ஒயினை, அதற்கு ஆறு மாத வயது ஆகும்போது, உலகத்து விமர்சகர்களும் வியாபாரிகளும் வந்து பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரியைச் சுவைக்கிறார்கள். மதிப்பெண்கள் வரும். அப்புறம் ஜூன் வரைக்கும் ஷாத்தோக்கள் ஒவ்வொன்றாக விலையை அறிவிக்கும். (ஷாத்தோ என்றால் கோட்டை என்று அகராதி சொல்லும். பல ஷாத்தோக்கள் நல்ல காரைவீடு அளவுக்குத்தான் இருக்கும். தோட்டமும் ஒயின் கூடமும் சேர்ந்த பண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஒயின் அதற்குப் பிறகும் ஓராண்டு போல 225 லிட்டர் ஓக் பீப்பாயில் கிடந்துவிட்டுத்தான் பாட்டிலுக்குப் போகும். உங்கள் பட்டியலில் 2027 என்று இருப்பது அதனால்தான்.

பெரிய ஷாத்தோக்கள் பெரும்பாலும் நேரே விற்பதில்லை. நடுவில் ஒரு தரகர், அவருக்கு 2 சதவீதம். அவரைத் தாண்டி நெகோசியான் என்கிற மொத்த வியாபாரி, அவரிடமிருந்து லண்டன் வியாபாரி, கடைசியில் நீங்கள். நல்ல ஆண்டில் தனக்கு ஒதுக்கீடு கிடைக்க வேண்டும் என்பதற்காக நெகோசியான் மோசமான ஆண்டிலும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்வார். அந்த மோசமான ஆண்டின் சரக்கையும் யாராவது ஒருவர் தலையில் கட்டித்தானே ஆக வேண்டும்?

விலை ஏறும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் 1982-லிருந்து. அந்த ஆண்டு ஒயின் இளமையிலேயே கொழுகொழுவென்று இனிமையாக இருந்தது, நீடிக்காது என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க விமர்சகர், இது மகத்தான ஆண்டு, வாங்குங்கள் என்று அடித்துச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு வாங்கியவர்களுக்குப் போட்டது பல மடங்கானது. ஒரு தலைமுறைக்கே ஆன் ப்ரிமர் பழக்கமானது இப்படித்தான். அதற்குப் பத்தாண்டு முன்னால் நடந்ததை யாரும் சொல்வதில்லை. 1972-ன் சுமாரான ஒயினை அநியாய விலைக்கு விற்றார்கள், எண்ணெய் நெருக்கடி வந்தது, சந்தை படுத்துவிட்டது.

நானும் மாட்டியவன்தான். 2009, 2010 இரண்டும் அடுத்தடுத்து அருமையான ஆண்டுகள். சீனப் பணம் போர்தோவுக்குள் வெள்ளமாகப் பாய்ந்துகொண்டிருந்த நேரம். லாஃபீத் என்ற பெரிய ஷாத்தோ தன் 2008 பாட்டிலில் சீன எழுத்தில் எட்டு என்ற எண்ணையே பொறித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே எட்டு ராசியான எண். அந்த வேகத்தில், 2011-ல், போர்தோவின் சான் ஜூலியன் என்ற ஊரின் 2010 ஒயின் ஒரு பெட்டிக்குப் பணம் கட்டினேன். 2013-ல் வந்து சேர்ந்தது. பத்தாண்டு கழித்துச் சந்தையில் அதன் விலையைப் பார்த்தேன், நான் கொடுத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிடங்கு வாடகையைச் சேர்த்தால் நஷ்டம். ஒயின் என்னவோ அற்புதமாக இருக்கிறது. ஆனால் அதே ஒயினை அதே விலைக்கு, விமர்சனங்களை எல்லாம் நிதானமாகப் படித்துவிட்டு, பத்தாண்டு கழித்தே வாங்கியிருக்கலாம்.

ஐந்து முதல் தர ஷாத்தோக்களில் ஒன்றான லாத்தூர் 2012-ல் இந்த ஆட்டத்தைவிட்டே வெளியேறியது. பாட்டில்களைத் தன் கூடத்திலேயே வைத்திருந்து, குடிக்கும் பதம் நெருங்கும்போது வெளியே விடுகிறது. விலை ஏறினால் அந்த லாபத்தை அடுத்தவருக்கு எதற்கு விட வேண்டும் என்ற கணக்கும் அதில் இருக்கும். தோப்புக்காரரே பூவில் விற்க மாட்டேன் என்றால், பூவில் வாங்குகிறவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் இப்போது ஒரே ஒரு சோதனைதான் செய்கிறேன். பட்டியலில் ஒரு ஷாத்தோவின் புதிய ஆண்டுக்கு என்ன விலை என்று பார்ப்பேன். அதே ஷாத்தோவின் நல்ல ஆண்டு எதுவாவது, உங்கள் 2019 போலவோ 2016 போலவோ, பாட்டிலில் தயாராக இருக்கிறதா, அதற்கு என்ன விலை என்று பக்கத்தில் வைப்பேன். புதியது கணிசமாக மலிவு இல்லையென்றால் முன்பணம் கட்டுவதற்குக் காரணமே இல்லை. 2019 ஒயின் 2020-ல் ஊரடங்குக்கு நடுவே விற்பனைக்கு வந்தபோது பல ஷாத்தோக்கள் விலையை நன்றாக வெட்டின. அது பூவில் வாங்க வேண்டிய ஆண்டு.

உங்கள் மகளின் 2024-க்கு வருகிறேன். போர்தோவில் அது சிரமமான ஆண்டு. மழை ஓயவில்லை, கொடிகளில் பூஞ்சை, பூக்கும் பருவமும் சரியில்லை, செப்டம்பரிலும் மழை, விளைச்சல் குறைவு. நல்ல கைகள் நல்ல ஒயின் செய்திருக்கின்றன, விலையையும் இறக்கினார்கள். ஆனால் பொதுவாக மெலிந்த உடம்பு. 21 ஆண்டு என்பது பெரிய பயணம்.

சிவப்பு ஒயினை இத்தனை நாள் வைப்பதே துவர்ப்புக்காகத்தான். இதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது, கொட்டைப்பாக்கைக் கடித்தால் நாக்கைப் பிடிக்குமே, அதேதான். தோலிலிருந்தும் விதையிலிருந்தும், கொஞ்சம் ஓக் மரத்திலிருந்தும் வருகிற டேனின். காலப்போக்கில் அது நிறப்பொருளோடு சேர்ந்து பெரிய மூலக்கூறாகி அடியில் வண்டலாகப் படியும். நாவல்பழ நிறம் செங்கல் நிறமாகும், நாக்கைப் பிடித்தது பட்டாகும், பழ வாசனை போய்த் தேவதாரு மரமும் புகையிலையும் பழைய தோலும் கலந்த ஏதோ ஒன்று வரும். முதலில் துவர்ப்பும் பழமும் புளிப்பும் நிறைய இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். குறைவாக இருந்தால் பழம் முதலில் செத்துவிடும், புளிப்பு மட்டும் மிஞ்சும்.

ஆகவே 2024 வேண்டுமென்றால், அது பிறந்த வருடம் என்ற பாசத்துக்காக மட்டும் வாங்குங்கள். காபர்னே சொவிஞோன் என்ற திராட்சை அதிகம் உள்ள போயாக் ஊரிலோ சான் ஜூலியனிலோ பெயர் பெற்ற ஷாத்தோவாகப் பாருங்கள், மாக்னமாகக் கேளுங்கள். ஒன்றரை லிட்டர் பாட்டிலில் ஒயின் மெதுவாக மூப்படையும். இப்படி அளவைச் சொல்லி வாங்க முடிவது ஆன் ப்ரிமரில் உள்ள உண்மையான வசதிகளில் ஒன்று. இரண்டு மாக்னம் போதும். மீதிப் பணத்துக்கு 2019-ஐ வாங்குங்கள், அப்பா அம்மா திருமண ஆண்டு என்று அவளிடம் சொல்லிக்கொள்ளலாம். 2045-ல் எது நன்றாக இருக்கும் என்று என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால் 2019 மேல்தான் கட்டுவேன்.

பணம் கட்டுவதில் கவனம். வியாபாரி இடையில் திவாலானால், பீப்பாயில் இருக்கும் ஒயினுக்குக் காசு கட்டிய நீங்கள் வரிசையில் பின்னால்தான். இப்படி ஏமாந்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. பழைய, நிலையான வியாபாரியாகப் பாருங்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள்: 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரைக்கும் உள்ள பொருளுக்குக் கார்டு நிறுவனமும் பொறுப்பு. ஒயின் வந்ததும் அது பாண்ட் எனும் சுங்கக் கட்டுப்பாட்டுக் கிடங்கில் உங்கள் பெயரிலேயே பதிவாக வேண்டும், வியாபாரியின் சரக்கோடு சேரக் கூடாது. அங்கே இருக்கும் வரை சுங்கத் தீர்வையும் வாட் என்கிற மதிப்புக்கூட்டு வரியும் இல்லை, வெளியே எடுக்கும்போதுதான். பட்டியல் விலையில் இவை சேராது என்பதைப் புதிதாக வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். வாட் 20 சதவீதம், தீர்வை பாட்டிலுக்கு 3 பவுண்டுக்குப் பக்கத்தில். கிடங்கு வாடகை ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு 15 பவுண்டு என்று வைத்தாலே 20 ஆண்டுக்கு 300 பவுண்டு. 20 பவுண்டு ஒயினை இப்படி வைப்பது வீண் என்பது இதிலேயே தெரியும்.

மாடிப்படி அலமாரியில் வைக்காதீர்கள். 12, 13 டிகிரி, கொஞ்சம் ஈரப்பதம், இருட்டு, கார்க் காயாமல் படுத்த நிலை, இதெல்லாம் 20 ஆண்டுக்கு மாறாமல் வேண்டும். என் முதல் வீட்டில் அப்படி ஒரு அலமாரியில் மூன்று நல்ல பாட்டில்களை வைத்தேன். அலமாரியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சுடுதண்ணீர்க் குழாய் போவது எட்டு வருடம் கழித்து, பிளம்பர் வந்து சுவரை உடைத்தபோதுதான் தெரிந்தது. முதல் பாட்டிலைத் திறந்தால் வேகவைத்த உலர்ந்த ப்ளம் பழ வாசனை. மற்ற இரண்டையும் என் மனைவி ஆட்டுக்கறியில் ஊற்றினாள். கறி நன்றாகத்தான் இருந்தது.