ஹெட்போனில் முடிகிறது, விமானத்தில் முடியாதா?

கேள்வி: சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் புரொப்பல்லர் விமானத்தில் வந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகும் காதுக்குள் 'ஙொய்' ஓயவில்லை. பக்கத்து சீட்காரரோ சத்தத்தை அடக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குறட்டையே விட்டார். அந்த வித்தையை விமானம் முழுக்கச் செய்தால் என்ன?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: செய்திருக்கிறார்கள், ஆனால் புரொப்பல்லர் விமானங்களில். கனடாவின் டேஷ் 8 கியூ400 விமானத்தின் பெயரில் இருக்கும் 'கியூ', 'குவயட்' என்பதன் முதலெழுத்துதான். அதன் புரொப்பல்லருக்கு ஆறு இதழ்கள், உயரத்தில் பறக்கும்போது நிமிடத்துக்கு 850 சுற்று, அப்படியென்றால் நொடிக்கு 85 தடவை ஓர் இதழ் விமானத்தின் விலாவை ஒட்டிக் கடந்து காற்றால் அறைகிறது. நீங்கள் கேட்ட 'ஙொய்' இந்த ஜாதிதான். கேபினில் ஒளித்துவைத்த மைக்குகள் இதைக் கேட்டுச் சொல்ல, விமானக்கூட்டின் சட்டங்களில் மாட்டிய சின்னச் சின்ன அதிர்விகள் அதே தாளத்தில் எதிர்ப்பக்கமாக உதறி அதை அமுக்குகின்றன.

ஒலி அலையின் மேட்டில் எதிர் அலையின் பள்ளம் சரியாக விழுந்தால்தான் சத்தம் அடங்கும். நொடிக்கு 85 தடவை அதிரும் ஒலியின் அலைநீளம், அதாவது ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை, சுமார் 4 மீட்டர். நீங்கள் தலையை இப்படி அப்படித் திருப்பினாலும் கணக்கு பிசகாது. நொடிக்கு 2,000 அதிர்வு என்றால் அலை வெறும் 17 சென்டிமீட்டர்தான். ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் போதும், அடங்க வேண்டிய சத்தம் கூடிவிடும். ஹெட்போனுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஸ்பீக்கர் காதோடு ஒட்டியே இருக்கிறது, தவிர கீச்சு ஒலிகளை அந்த மெத்தையே தடுத்துவிடும்.

சரி, ஜெட்? அங்கே நடுவானில் கேட்கும் 'ஷ்ஷ்'ஷில் பெரும்பங்கு எஞ்சின் அல்ல, மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் உடம்பைக் காற்று உரசுகிற சத்தம். தாளமே இல்லாத இரைச்சல், அடுத்த நொடி எப்படி வரும் என்று தெரிந்தால்தானே எதிர் அலை அனுப்ப முடியும்? அதனால் சுவருக்குள் கண்ணாடி இழை மெத்தையைத் திணிக்கிறார்கள். இன்னும் தடிமனாகத் திணிக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு கிலோவும் எரிபொருள் செலவு. என்னைக் கேட்டால் ஆராய்ச்சி முழுக்க இந்தத் தராசில்தான் நிற்கிறது.

அடுத்த முறை, ஜன்னலுக்கு நேரே இதழ்கள் சுற்றும் வரிசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்புறம், ரொம்பவும் அமைதியை வேண்டிக்கொள்ளாதீர்கள்: ஏ380 என்ற இரண்டடுக்கு ஜெட் வந்த புதிதில், எஞ்சின் சத்தம் குறைந்துபோய்க் குழந்தைகளின் அழுகைதான் கேட்கிறது, ஓய்வறையில் தூங்க முடியவில்லை என்று விமானிகளே புலம்பினார்கள்.