"நீ யார் பக்கம்?"

கேள்வி: எனக்கும் கணவருக்கும் மொழியும் வேறு, மதமும் வேறு. மகளுக்குப் பத்து வயது. அவள் அடம்பிடித்தால், "அப்பா வீட்டுப் புத்தி அப்படியே வந்திருக்கு" என்பார் என் அம்மா. மாமியார் என் வீட்டாரைச் சொல்வார். பள்ளியில் தோழிகள், "நீ உண்மையில் யார்?" என்று கேட்கிறார்களாம். ஏதாவது ஒரு பக்கமாக வளர்த்தால்தான் குழந்தை குழம்பாது என்கிறார்கள் உறவினர்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குழந்தை குழம்பியதாக அதில் ஒரு வரிகூட இல்லை. பெரியவர்களுக்குத்தான் அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

மனிதர்கள் பக்கம் பிரிய பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர், போலந்தில் பிறந்த யூதர், நாஜிகளின் இனப்படுகொலையில் குடும்பத்தை இழந்தவர். 1970 வாக்கில் இங்கிலாந்தில் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். "உனக்கு இந்த ஓவியரின் படங்கள் பிடித்திருக்கின்றன, அவனுக்கு மற்றவருடையவை" என்று சொல்லி அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். உண்மையில் அந்தப் பிரிவினை குலுக்கல் மாதிரிதான். அப்புறம் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது, தங்கள் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிட அதிகம் கிடைத்தால் போதும் என்றே பல சிறுவர்கள் பங்கிட்டார்கள். ஓவியத்தை வைத்தே இவ்வளவு என்றால், தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்த மொழிக்கும் மதத்துக்கும் கேட்கவா வேண்டும்? இரண்டு பக்கமும் சொந்தம் என்று சொல்லும் ஒரு குழந்தை எதிரே நிற்கும்போதுதான் அந்தக் கணக்கு உதைக்கிறது.

அரசாங்கப் படிவங்களே மாறிவருகின்றன. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2000-ல்தான் முதல் முறையாக ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க அனுமதித்தார்கள். சுமார் 68 லட்சம் பேர் அப்படிக் குறித்தார்கள். சிங்கப்பூரில் 2011 முதல் பெற்றோர் இருவரின் இனத்தையும் இணைத்துப் பிள்ளைக்குப் பதிவு செய்யலாம்.

சரி, பாட்டிமார் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கவலை தருவது அதுதான். "அப்பா வீட்டுப் புத்தி" என்று கேட்கும் குழந்தை, தன்னில் ஒரு பகுதி கெட்டது என்றுதான் எடுத்துக்கொள்வாள். எந்தப் பகுதி என்பது மட்டும் வீட்டுக்கு வீடு மாறுகிறது. இதை நீங்கள் மாமியாரிடம் பேசாதீர்கள். உங்கள் கணவர் பேசட்டும். உங்கள் அம்மாவிடம் நீங்கள் பேசுங்கள். குழந்தை இல்லாத நேரமாகப் பார்த்து, "அம்மா, அவள் அடம்பிடித்தால் அடம்பிடிக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். அவள் அப்பாவை இழுக்காதீர்கள்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். மறுபடியும் சொன்னால் மறுபடியும் சொல்லுங்கள். சண்டையாகிவிடுமோ என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டால், அம்மாவும் இதை ஒப்புக்கொள்கிறாள் என்றே மகள் நினைப்பாள்.

தோழிகள் கேட்பதை நினைத்து ரொம்பக் கலங்க வேண்டாம். பாதிக்கு மேல் வெறும் ஆர்வம்தான். "எனக்கு இரண்டு மொழி, இரண்டு மதம், எல்லாம் என் வீடுதான்" என்று சொல்ல அவளுக்குத் தெரிந்தால் போதும். சொல்லப் பிடிக்காத அன்று, "இன்னொரு நாள் சொல்றேன்" என்று நகர்ந்துவிடவும் அவளுக்கு உரிமை உண்டு. அதையும் சொல்லிக்கொடுங்கள். கேலி தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் பேச வேண்டியது நீங்கள், அவள் அல்ல. இரண்டு குடும்பத்தையும் சேர்த்துவைக்கும் பொறுப்பையும் அவள் தலையில் கட்டிவிடாதீர்கள்.

நாளைக்கே அவள் ஒரு மதத்தில் அதிக ஈடுபாடு காட்டலாம், ஒரு மொழியில் பேசவே மறுக்கலாம், இரண்டு வருடம் கழித்து மாறலாம். மாறட்டும். அப்போது உங்களில் ஒருவர் தோற்றதாக நினைத்துவிடாதீர்கள்.