செம்பருத்தியை மான் மேய்கிறதா? வேலியின் கீழ்விளிம்பைக் கவனியுங்கள்

சாயல்குடிக்குத் தெற்கே கடற்கரையோரம் குடியிருக்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது: “வீட்டைச் சுற்றிச் செம்பருத்தியும் ரோஜாவும், தங்கச்சிமடத்திலிருந்து கன்று வாங்கி வந்து நட்ட குண்டுமல்லியும் வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்ததிலிருந்து இரவில் மான் வந்து மொட்டும் தளிருமாகத் தின்றுவிட்டுப் போகிறது. நான்கடி உயரத்துக்கு நான்கு வரிசை முள்கம்பி கட்டியும் பயனில்லை. தெளிப்பதற்கு மருந்து ஏதேனும் உண்டா? மான் தொடாத பூச்செடி எது?”

மருந்தும் உண்டு, மான் ஒதுக்கும் செடிகளும் உண்டு. ஆனால் இரண்டுமே வேலிக்குத் துணை நிற்பவைதாம், வேலியின் இடத்தை அவற்றால் நிரப்ப முடியாது. வேலிக்குப் போகுமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: மேய்வது மான்தானா?

நம் பக்கத்தில் பூச்செடியைத் தின்பவற்றில் வெள்ளாட்டுக்குத்தான் முதலிடம். மயிலும் முயலும் அதற்கு அடுத்து வருகின்றன. முயல் கடித்த தண்டு, கத்தியால் சாய்வாகச் சீவியதுபோலத் தரையை ஒட்டி இருக்கும். மயில் மொட்டையும் இளந்தளிரையும் கொத்தும், செடியடியில் மண்ணைப் பறித்துப் போட்டிருக்கும். ஆட்டுக்கும் மானுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது என்பதால், இரண்டும் கீழ்ப்பற்களால் அழுத்திப் பிடித்து இழுத்தே தின்கின்றன. கடித்த முனை பிய்ந்து, சில இடங்களில் பட்டை நாராகத் தொங்கும். ஆகவே கடிவாயை மட்டும் பார்த்து ஆடா மானா என்று சொல்லிவிட முடியாது, குளம்படியைத்தான் பார்க்க வேண்டும். கடற்கரை மணல் காய்ந்திருந்தால் தடம் நிற்காது. எனவே பொழுது சாய்ந்ததும் செடியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குத் தண்ணீர் தெளித்து, பனையோலையால் தடவிச் சமன் செய்து விட்டுவிடுங்கள். விடிந்ததும் பார்த்தால், மானின் தடம் முன்புறம் கூர்ந்து ஒடுங்கியதாகவும், ஆட்டின் தடம் முனை மழுங்கி, இரு குளம்பும் சற்று விரிந்ததாகவும் இருக்கும். மாலையில் பட்டியில் அடைக்கப்படும் ஆடு நள்ளிரவில் வராது என்பதும் ஒரு சாட்சி. அவிழ்த்துவிடப்பட்ட ஆடு என்று தெரிந்தால், ஆட்டுக்காரரிடம் பேசுவது எந்த வேலியைவிடவும் மலிவு.

தடம் மானுடையதுதான் என்றால், அது பெரும்பாலும் புள்ளிமானாக இருக்கும். சாயல்குடி, கடலாடி, கமுதி வட்டாரங்களின் சீமைக்கருவேலங்காடுகளில் பகலில் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, அந்தியிலும் விடியலிலும் அது மேயக் கிளம்புகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த புல் மாசிக்குள் காய்ந்து, கண்மாயும் ஊருணியும் வற்றிய பிறகு, குழாய்த் தண்ணீரில் வளரும் உங்கள் தோட்டமே அந்தச் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சிய பச்சை. ஆகையால் பங்குனி முதல் ஆவணி வரையில் தொல்லை மிகுதியாகவும், அடைமழைக் காலத்தில் குறைவாகவும் இருப்பது இயல்பு. தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைத்திருந்தால் இரவில் மூடிவிடுங்கள். இரக்கப்பட்டுத் தோட்டத்தருகே தண்ணீர் வைப்பது, வழி தெரியாத மானுக்கும் வழி காட்டிக் கொடுப்பதாகவே முடியும்.

இனி வேலி. உங்கள் முள்கம்பி ஏன் மானைத் தடுக்கவில்லை என்பதற்குப் பாதி விடைதான் அதன் உயரத்தில் இருக்கிறது. புள்ளிமானால் ஐந்தடி வேலியைத் தாண்ட முடியும். ஆனாலும் அது தாண்டுவதைவிடக் குனிந்து அடியில் நுழைவதையே விரும்பும் விலங்கு. தரைக்கும் முதல் கம்பிக்கும் நடுவில் ஓரடி இடைவெளி இருந்தால், தலையைத் தாழ்த்தி உடம்பைச் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். கீழ்க்கம்பியில் செம்பழுப்பு மயிர் சிக்கியிருக்கிறதா, அதற்கு நேர் கீழே மணல் வழுவழுப்பாகத் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். அந்த இடம்தான் வாசல். நம் மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு: மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேலியடி மணல் அரித்து, மாசியில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த விளிம்பு ஆடியில் அரையடி மேலே நிற்கும். ஆகவே வலையானாலும் ஓலையானாலும், கீழ்விளிம்பை ஓரடி ஆழத்துக்கு மண்ணில் புதைப்பதோ, வெளிப்புறமாக இரண்டடி மடித்துப் பரப்பி அதன்மேல் கல்லடுக்குவதோ கட்டாயம். பணம் குறைவாக இருந்தால் முதலில் அங்கே செலவிடுங்கள், உயரத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

உயரம் எட்டடி என்றால் கவலை இல்லை. ஆனால் அது வீட்டுத் தோட்டத்துக்கு எடுப்பாகவும் இராது, செலவும் கூடும். மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மான் குதிக்கத் தயங்கும் என்பதால், ஊடே பார்க்க முடியாத வேலி ஆறடியிலேயே வேலை செய்கிறது. இதற்கு நம்மிடம் இருக்கும் கருக்கு மட்டை வேலியைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை. பனைமட்டைகளை இடைவெளியின்றி நெருக்கி நட்டு, இரண்டு வரிசைக் கழிகளை வைத்து இறுக்கிக் கட்டி, நுழைவாயிலுக்கு ஒரு படலும் வைத்துவிட்டால், உப்புக்காற்றையும் ஓரளவு தடுத்துச் செடிக்கு இரட்டை நன்மை தரும். இரும்புக் கம்பிவலையே வேண்டும் என்றால் பிளாஸ்டிக் உறையிட்டதை வாங்குங்கள், ஏனெனில் கடற்காற்றில் வெறும் கம்பி துருப்பிடித்து இற்றுப்போக வெகுநாள் ஆகாது. தூணுக்குச் சிமெண்டுக் கால் போதும். பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டுவது பல ஊர்களிலும் பயிருக்குச் செய்வதுதான், மறைப்பாக நிற்கும்வரை பயன் தரும். ஆனால் இங்கே அடிக்கும் காற்றுக்கு அது விரைவில் கிழிந்துபோகும்.

மீனவர்கள் கழித்துப்போட்ட வலையைக் கட்டலாமா என்று பலரும் கேட்பதுண்டு. மெல்லிய ஒற்றை நைலான் இழையில் பின்னிய தங்கூசி வலையை ஒருபோதும் கட்டாதீர்கள். இருட்டில் அது கண்ணுக்கே தெரியாமல், கொம்பும் காலும் சிக்கிய மான் திமிறித் திமிறியே செத்துவிடும். பாம்பும் பறவையும்கூட அதில் மாட்டும். தடித்த நூலில் பின்னிய இழுவை வலையானால் தளராமல் இழுத்துக் கட்டி, இடையிடையே வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டுப் பயன்படுத்தலாம். நாளடைவில் தொய்ந்துவிடும் என்பதால் அடிக்கடி இறுக்கிவர வேண்டும்.

வீட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவது ஆளையே கொல்லும் குற்றம், அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. மானைக் கொல்வதும் காயப்படுத்துவதும் பிடிப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரியவை. நாயை ஏவிவிடுவதும் வேண்டாம். துரத்தப்பட்ட மான் கடிபடாமல் தப்பினாலும், ஓடிய அதிர்ச்சியிலேயே பிறகு இறந்துபோவதுண்டு. காயம்பட்ட மான் தோட்டத்துக்குள் கிடந்தால் கூட்டம் கூடவிடாமல், முடிந்தால் அதன் கண்ணைத் துணியால் மறைத்துவிட்டு, வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு அருகில் இருந்தால் அதை வலையிட்டு மூடுவதும் உங்கள் பொறுப்பில் சேரும்.

தெளிப்பு மருந்துகளில் எனக்கு ஓரளவு நம்பிக்கை உள்ளது முட்டைக் கரைசல்தான். ஒரு பங்கு முட்டைக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து நன்றாக அடித்து, துணியில் வடிகட்டி, இலை நனையத் தெளிக்க வேண்டும். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும். நமக்கு மணம் மறைந்த பிறகும் மானின் மூக்குக்கு அழுகிய புரதத்தின் வாடை தெரிவதால் அது ஒதுங்குகிறது. மழை பெய்தாலும் புதுத் தளிர் விட்டாலும் மறுபடி தெளிக்க வேண்டும், இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை தேவை. சாமிக்கும் தலைக்கும் பறிக்கும் மல்லிகையின் மேல் இதை யாரும் தெளிக்க மாட்டார்கள் என்பதால், சுற்றியுள்ள வேலிச்செடிக்கும் ஓரத்துச் செம்பருத்திக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீன் கழிவும் வெல்லமும் ஊறவைத்த மீன் அமிலம் நல்ல வளர்ச்சி ஊக்கி. அதை மான் விரட்டியாக நம்பித் தெளித்தால் ஊர்ப் பூனைகள்தாம் வந்து சேரும். மின்னும் விளக்கு, வானொலி, தகர டப்பா ஆகியவை சில நாளைக்கு மிரட்டும், பிறகு மானுக்குப் பழகிவிடும்.

மான் முற்றிலும் தொடாத செடி என்று எதையும் உறுதி சொல்வதற்கில்லை, பசி மிகுந்தால் வழக்கமாக ஒதுக்குவதையும் கடித்துப் பார்க்கும். இருந்தாலும் பால் வடியும் செடிகளையும் கடும் மணமுள்ளவற்றையும் அது பெரும்பாலும் தவிர்க்கிறது. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, துளசி, மரிக்கொழுந்து ஆகியவற்றை வெளி வரிசையில் நடலாம். நித்தியகல்யாணி நம் கடற்கரை மணலில் தானாகவே முளைத்துப் பூக்கக் கூடியது, தண்ணீரும் அதிகம் கேட்காது. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால், சிறு குழந்தைகளோ ஆடுமாடோ இருக்கும் வீட்டில் அதைத் தவிர்ப்பது நல்லது. காகிதப்பூவின் முற்றிய கிளை முள்ளால் தப்பும், தளிர் தப்பாது. செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் வெளி வரிசையில் இடமே இல்லை, அவை வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கட்டும்.

குண்டுமல்லியைப் பொறுத்தவரை, கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தபின் வரும் முதல் தளிர்தான் பங்குனிப் பூவைத் தீர்மானிக்கிறது. அந்தத் தளிரை ஒருமுறை மேயவிட்டால் பூ பல வாரம் தள்ளிப்போகும். வேலியை ஒரேயடியாக முடிக்க இயலாதவர்கள், கவாத்து செய்த கையோடு ஒவ்வொரு செடியையும் சுற்றி நான்கடி உயரக் கம்பிவலைக் கூண்டு வைத்து, அதன் அடியை முளைக்குச்சியால் தரையோடு அறைந்துவிட வேண்டும். தளிர் முற்றி மொட்டு வைத்ததும் பறிப்பதற்கு வசதியாகப் பகலில் கூண்டைக் கழற்றிவிட்டு, பொழுது சாயும்போது மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.